இட ஒதுக்கீடு, பரம்பரை வசதி, நியாயம்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து கலந்தாய்வு முடியும்வரை கடலூர், நெய்வேலி, சிதம்பரம், பாகூர் பக்கம் இ-சேவை மையத்திலும் டீக்கடையிலும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றி வருகின்றன. பாதி சான்றிதழ் பற்றியவை, பாதி நியாயம் பற்றியவை. சான்றிதழ் கேள்வியாக ஆரம்பிப்பது பல நேரம் நியாயக் கேள்வியில் போய் நிற்கும். அதனால் இரண்டையும் பிரிக்காமல், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தந்திருக்கிறோம்.

“69 போக மிச்சம் 31 சதவீதம் எஃப்.சி.க்குத்தானே?”

இல்லை. அந்த 31 எஃப்.சி. எனும் முற்பட்ட வகுப்பினருக்கோ வேறு எந்தச் சாதிக்குமோ எழுதி வைத்தது கிடையாது. அது பொதுப் போட்டி. தரவரிசையில் முன்னால் இருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு. தமிழ்நாட்டின் மொத்த ஒதுக்கீடான 69 சதவீதத்தின் பங்கீடு இப்படி: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (இதற்குள் 3 அருந்ததியருக்கு முன்னுரிமையாக), எஸ்.டி. 1. அரசு வேலையில் இதையே 200 இடச் சுழற்சியாக (எத்தனையாவது இடம் எந்தப் பிரிவுக்கு என்ற வரிசையாக) வைத்திருக்கிறார்கள்: பொது 62, பி.சி. 53, பி.சி. முஸ்லிம் 7, எம்.பி.சி. 40, எஸ்.சி. 30, அருந்ததியர் 6, எஸ்.டி. 2.

ஒரு கல்லூரியில் 100 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 31 பொது இடங்களைத் தரவரிசைப்படி நிரப்ப வேண்டும். பட்டியலில் 28ஆவதாக நிற்கும் மாணவி எம்.பி.சி. என்றால், அவர் பொது இடத்தில்தான் கணக்கு. எம்.பி.சி.யின் இருபதில் ஒன்றுகூடக் குறையாது. இந்த வரிசையை மாற்றி, ஒதுக்கீட்டு இடங்களை முதலில் நிரப்பிவிட்டுப் பிறகு பொது இடத்துக்கு வந்தால், நல்ல ரேங்க் எடுத்தவர்களே ஒதுக்கீட்டு இடங்களைத் தின்றுவிடுவார்கள். அவர்களுக்கு அடுத்து நின்றவர்கள் வெளியே போவார்கள். நீதிமன்றத்துக்குப் போகும் தகராறுகளில் கணிசமானவை இந்த வரிசைக் குளறுபடிதான்.

“பாண்டியிலயும் இதே 69 தானா?”

கிடையாது. தமிழ்நாட்டின் 69 சதவீதத்துக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டமும், அதை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த 76ஆவது திருத்தமும் காவல். புதுச்சேரிக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. 1992இல் இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன 50 சதவீத வரம்புக்குள் அங்கே பங்கீடு நடக்கிறது. சென்டாக் (புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கை அமைப்பு) சேர்க்கையில் எம்.பி.சி. 18, எஸ்.சி. 16, ஓ.பி.சி. 11 என்பவை பெரிய பங்குகள். மீதி சிறு பங்குகளாக மற்ற பிரிவினருக்குப் போகிறது. மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023இல் வந்தது.

“ரோட்டுக்கு இந்தப் பக்கம் கடலூர், அந்தப் பக்கம் பாண்டி. என் சர்டிபிகேட் எங்கெல்லாம் செல்லும்?”

முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கத்தில் எல்லை எங்கே முடிகிறது என்று பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது. சான்றிதழுக்கு நன்றாகவே தெரியும். எஸ்.சி., எஸ்.டி. பட்டியல்கள் மாநிலவாரியாகக் குடியரசுத் தலைவர் ஆணையில் வருபவை. புதுச்சேரியின் எஸ்.சி. பட்டியல் 1964 ஆணையில் தனியாக வந்தது. ஒரு மாநிலத்து எஸ்.சி., இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்குள்ள மாநில ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்பதை 2018இல் பீர் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு மறுபடி உறுதிசெய்தது. ஒரே சாதிப் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும் நிலைமை இதுதான்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் வட்டாட்சியர் தந்த எஸ்.சி. சான்றிதழ் தமிழ்நாட்டு அரசு இடங்களுக்குச் செல்லும். மத்திய அரசின் அகில இந்திய இடங்களுக்கும் செல்லும், ஆகவே புதுச்சேரியிலுள்ள மத்திய அரசு மருத்துவக் கல்லூரியான ஜிப்மரின் அகில இந்திய இடத்துக்கும் செல்லும். சென்டாக்கின் எஸ்.சி. இடத்துக்குச் செல்லாது. வேலைக்காகப் பாண்டிக்குக் குடிபோகும் குடும்பங்கள் வாடகையையும் பஸ் கட்டணத்தையும் கணக்குப் போடும்போது இதையும் போட வேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்தபிறகு இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கும் வீடுகள் இந்தப் பகுதியில் உண்டு.

“கையில பி.சி. சர்டிபிகேட் இருக்கு. நீட் ஃபார்ம்ல ஓ.பி.சி.ன்னு போட்டுட்டேன். சரியா?”

பாதி சரி. மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் வேறு, மத்திய அரசு கேட்கும் ஓ.பி.சி. கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியால் முன்னேறிவிட்டவர்கள்) அல்லாதோர் சான்றிதழ் வேறு. முதலாவது நிரந்தரம், அதற்கு வருமானம் பார்ப்பதில்லை. இரண்டாவதில் பெற்றோர் நிலை, வருமானம் எல்லாம் வரும். மாணவர் சேர்க்கைக்கு அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதையே பெரும்பாலும் கேட்கிறார்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாவிட்டால், ஜிப்மரின் அகில இந்திய இடத்துக்கு நீங்கள் பொதுப் பிரிவு.

முதலில் சமூகச் சான்றிதழ், பிறகு வருமானச் சான்றிதழ், அதன்பிறகு ஓ.பி.சி. விண்ணப்பம் என்று போவது நல்லது. இ-சேவை மையத்தில் வருவாய்த் துறைச் சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய். தடங்கல் எங்கே வரும் என்றால், இனிஷியலில். ஆதாரில் ‘கே. முருகன்’, மதிப்பெண் பட்டியலில் ‘முருகன் கே.ஆர்.’ என்று இருந்தால் கிராம நிர்வாக அலுவலர் திருப்பி அனுப்புவார். அடுத்தது சாதிப் பெயர். அப்பாவின் பழைய டி.சி.யில் ‘படையாச்சி’ என்று இருக்கும், மகனுடையதில் ‘வன்னியர்’ என்று இருக்கும். இரண்டும் வன்னியகுல க்ஷத்திரியர் என்ற ஒரே பதிவுக்குள் வருபவைதான். ஆனாலும் சான்றிதழில் பட்டியலில் உள்ள பெயரே இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். கலந்தாய்வு அன்று அவகாசம் வாங்க முடியாது.

“அப்பா நெய்வேலி என்.எல்.சி.யில தொழிலாளி. வருஷ சம்பளம் 8 லட்சத்தைத் தாண்டிடுச்சு. நான் கிரீமி லேயரா?”

பலரும் தவறாகப் புரிந்துகொண்டு, தாங்களாகவே வாய்ப்பை விட்டுவிடும் இடம் இது. 8 லட்சம் என்ற வரம்பு 2017இலிருந்து இருக்கிறது. அந்த வருமானச் சோதனையில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வாடகை, வியாபாரம், வட்டி போன்ற மற்ற வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டு 8 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்த வழியில் கிரீமி லேயர்.

சம்பளக்காரர்களுக்குப் பார்ப்பது பதவி. பெற்றோரில் ஒருவர் நேரடியாகக் குரூப் ஏ பணியில் சேர்ந்தவர் என்றாலும், இருவருமே நேரடியாகக் குரூப் பி-யில் சேர்ந்தவர்கள் என்றாலும் கிரீமி லேயர். குரூப் பி-யில் சேர்ந்த அப்பா 40 வயதுக்குள் குரூப் ஏ ஆனாலும் அப்படியே. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் எந்தப் பதவி எதற்குச் சமம் என்பதை 2017 அக்டோபரில் வந்த ஆணை சொல்கிறது: நிர்வாக அலுவலர் நிலை குரூப் ஏ-வுக்குச் சமம் (வருமானம் 8 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் விலக்கு உண்டு); எழுத்தர், இயந்திரம் இயக்குபவர் போன்ற தொழிலாளர் நிலை அதில் வராது. ஆகவே சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டும் அப்பாவின் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் அது ஒன்றே உங்களைக் கிரீமி லேயர் ஆக்காது. விண்ணப்பத்தோடு பதவி நிலையைக் காட்டும் பணிச் சான்றையும் வையுங்கள். சம்பளச் சீட்டை மட்டும் வைத்தால் அலுவலகத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிராகரிக்க வாய்ப்பு அதிகம்.

“கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பார்க்கறது புருஷன் வருமானமா, அப்பா வருமானமா?”

அப்பா அம்மாவுடையது. கிரீமி லேயர் என்பது எந்த வீட்டில் வளர்ந்தீர்கள் என்பதைப் பார்ப்பது. கணவர் மாவட்ட வருவாய் அலுவலராகவே இருந்தாலும் இந்தச் சான்றிதழுக்கு அது கணக்கில்லை. அதேபோல, கல்யாணத்தால் சாதி மாறாது; கணவரின் சாதியில் ஒதுக்கீடு கேட்க முடியாது.

“எதுக்குச் சாதி பார்க்கணும்? ஏழையா, பணக்காரனான்னு பார்த்தா போதாதா?”

இதைத் தமிழ்நாடு ஒருமுறை செய்து பார்த்துவிட்டது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு இல்லை என்றது. 1980 மக்களவைத் தேர்தலில் படுதோல்வி. வரம்பை எடுத்துவிட்டு, பிற்படுத்தப்பட்டோர் பங்கை 31இலிருந்து 50 ஆக்கினார்கள். அரசியல் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொல்ல, ஒதுக்கீடு எதைச் சரிசெய்ய வந்தது என்று பார்க்க வேண்டும். வறுமைக்கு உதவித்தொகை, விடுதி, கட்டணச் சலுகை இருக்கின்றன. பணம் இருந்தும் உள்ளே விடாத நிலைக்கு அவை மருந்தாகாது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்வி நிறுவனம் தொடங்க வேண்டியிருந்தது ஊரில் பள்ளியே இல்லாததாலா? இருந்த பள்ளிகளின் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை. காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையிலான குழு 1969இல் கொடுத்த அறிக்கை தீண்டாமையையும் கல்வி, பொருளாதார நிலையையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததற்கும் காரணம் இதுதான்.

வருமானம் மட்டும் பார்ப்பதும் இப்போது இருக்கிறது: 2019இன் 103ஆவது திருத்தம் தந்த 10 சதவீதம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குக் கீழ், விவசாய நிலம் 5 ஏக்கருக்குக் கீழ், வீடு 1000 சதுர அடிக்குக் கீழ் என்று நிபந்தனைகள். இங்கே சம்பளமும் விவசாய வருமானமும் சேரும். ஆனால் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. ஏழைகள் இதில் வர முடியாது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் இதை ஏற்றது. தமிழ்நாடு தன் இடங்களில் இதைக் கொண்டுவரவில்லை. ‘சாதி பார்க்காமல் ஏழையைப் பார்’ என்ற வாதத்தில் பிறந்த ஒதுக்கீடு, சாதியை வைத்தே பெரும்பாலான ஏழைகளை வெளியே நிறுத்துகிறது என்பதே எங்கள் அபிப்பிராயம்.

“எங்க தாத்தா காலத்துல நடந்ததுக்கு நான் ஏன் சீட்டை விட்டுக்கொடுக்கணும்?”

தாத்தா செய்ததற்குத் தண்டனை என்று பார்த்தால் இது அநியாயமாகத்தான் தெரியும். தாத்தா விட்டுப்போனதைப் பாருங்கள். பண்ருட்டிப் பக்கம் ஐந்து காணி முந்திரித் தோப்பு. அதை அடகு வைத்து அப்பா படித்த பட்டம். அந்தப் பட்டத்தால் வந்த டவுன் வீடு, வீட்டில் ஆங்கிலம், எந்தக் கல்லூரிக்கு எந்தத் தேதியில் விண்ணப்பம் என்று சொல்ல ஒரு சித்தப்பா. இதில் எதையும் நீங்கள் திருடவில்லை. நீங்கள் சம்பாதிக்கவும் இல்லை.

நீட்டில் இது எண்ணாகவே தெரியும். முதல் தடவை மதிப்பெண் வராதவர் ஒரு வருடம் பயிற்சி மையத்தில் தங்கிப் படித்து மறுபடி எழுதலாம். அந்த ஒரு வருடத்துக்கு விடுதி, பயிற்சிக் கட்டணம், சாப்பாடு எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியம், அந்த வருடம் பிள்ளை சம்பாதிக்க வேண்டிய அவசியம் இல்லாத வீடு வேண்டும். தமிழ்நாட்டில் மறுமுறை எழுதிச் சேர்பவர்கள் பெருமளவு கூடியதை 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு பதிவு செய்தது. 2020இல் வந்த 7.5 சதவீதச் சட்டம் இதற்கான பதில்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் தனி முன்னுரிமை. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் நீட்டித்தார்கள். இது எல்லாச் சாதிக்கும் குறுக்காகச் செல்வது, 7.5க்குள்ளும் 69 சதவீதப் பங்கீடு நடக்கும். எட்டாம் வகுப்பில் ஒரு வருடம் மட்டும் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிட்டு அரசுப் பள்ளிக்குத் திரும்பினால் இந்த உரிமை போய்விடும்.

“கலெக்டர் பையனுக்கும் ஒதுக்கீடு, நடவுக்குப் போறவ பையனுக்கும் அதேதானா?”

ஒதுக்கீட்டின் எதிரிகள் மட்டுமல்ல, ஒதுக்கீட்டுக்குள் இருப்பவர்களும் கேட்கும் கேள்வி. மத்திய ஓ.பி.சி.யில் கிரீமி லேயர் இருக்கிறது, மேலே பார்த்தோம். தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி.யில் இல்லை, கல்விச் சேர்க்கையில் எஸ்.சி., எஸ்.டி.க்கும் இல்லை. 2024 ஆகஸ்டில் தேவிந்தர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வில் நான்கு பேர் எஸ்.சி.க்கும் கிரீமி லேயர் பற்றி யோசிக்கச் சொன்னார்கள். மத்திய அமைச்சரவை அது வேண்டாம் என்றது.

இரண்டு பக்கமும் பலமான வாதம் உண்டு. மேல்தட்டை நீக்கினால் இடம் கீழே இறங்கும் என்பது ஒன்று. கீழே தகுதி பெறும் அளவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யாமல் மேலே நீக்கினால் இடம் காலியாகி நழுவிப்போகும் என்பது இன்னொன்று. பணமும் பதவியும் வந்தபிறகும் தீண்டாமை விடுவதில்லை என்பதால் எஸ்.சி.க்கும் பி.சி.க்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பி.சி.யில் மூன்றாம் தலைமுறை மருத்துவர் வீட்டுக்குத் தொடர்ந்து இடம் போவதற்கு மட்டும் எங்களுக்கு நல்ல சமாதானம் தெரியவில்லை. மாநிலம் இதை வேறு வழியில் லேசாகத் தொட்டிருக்கிறது: குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை. சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அக்கா பட்டம் முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது.

“வன்னியருக்கு 10.5 செல்லாதுன்னாங்க. அருந்ததியருக்கு 3 மட்டும் எப்படிச் செல்லுது?”

கடலூர், விழுப்புரம் பக்கம் சூடு குறையாத கேள்வி. 1987 செப்டம்பர் சாலை மறியலும் துப்பாக்கிச் சூட்டில் போன உயிர்களும் இங்கே இன்னும் நினைவில் இருக்கின்றன. அதன் விளைவாக 1989இல் கருணாநிதி அரசு எம்.பி.சி. என்று 20 சதவீதம் பிரித்தது. 2021 பிப்ரவரியில், தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன், அந்த இருபதை மூன்றாக வெட்டினார்கள்: வன்னியருக்கு 10.5, சீர்மரபினரும் சில எம்.பி.சி. சாதிகளும் சேர்ந்து 7, மீதிப் பேருக்கு 2.5. சென்னை உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

உள் ஒதுக்கீடே கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் ஒரு சாதியைத் தனியாகப் பிரிக்க அண்மைக்காலத் தரவு வேண்டும். மக்கள்தொகை மட்டும் போதாது, எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும் என்றது. அரசு கையில் வைத்திருந்தது 1980களின் அம்பாசங்கர் குழு எண்கள். அருந்ததியர் 3 சதவீதம் நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் ஆய்வுக்குப் பின் 2009 சட்டமாக வந்தது. அந்த 3க்கு அருந்ததியர் கிடைக்காவிட்டால் இடம் மற்ற எஸ்.சி.க்குப் போகும் வகையில் எழுதப்பட்டது. எஸ்.சி.க்குள் உள் ஒதுக்கீடு செய்யலாம் என்ற 2024 தேவிந்தர் சிங் தீர்ப்புக்குப் பிறகு அதன் அடித்தளம் இன்னும் உறுதி. ஆகவே அடுத்த சட்டம் வேண்டும் என்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது கணக்கெடுப்பு.

“கோயிலுக்கும் போறோம், சர்ச்சுக்கும் போறோம். எஸ்.சி. சர்டிபிகேட் கிடைக்குமா?”

எஸ்.சி. தகுதி இந்து, சீக்கிய (1956 முதல்), பௌத்த (1990 முதல்) மதத்தவருக்கு மட்டும். கிறிஸ்தவராக மாறிய எஸ்.சி. தமிழ்நாட்டில் பி.சி. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குத் தொடர்ந்து போய்க்கொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாமி மாறினாலும் சேரியிலேயே குடியிருக்கும் குடும்பத்துக்கு இது நியாயமா என்ற கேள்வி நிற்கிறது. அதை ஆராய 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். சான்றிதழில் பொய் மட்டும் சொல்லாதீர்கள். பத்து வருடம் கழித்துக் கண்டுபிடித்தாலும் வேலை போகும்.

“பத்து வருஷத்துக்குத்தானே சட்டத்துல போட்டாங்க?”

பத்து ஆண்டு என்பது 334ஆவது பிரிவு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதி ஒதுக்கீட்டுக்கு. அதைத்தான் நீட்டித்து நீட்டித்து இப்போது 2030வரை வந்திருக்கிறது. கல்விக்கும் வேலைக்கும் அந்தக் கெடு எழுதப்படவே இல்லை.

“மார்க் கம்மியா வாங்கினவங்க டாக்டர் ஆனா நோயாளி கதி என்ன?”

சேரும் வாசல்தான் வேறு. பாஸ் மார்க் எல்லோருக்கும் ஒன்றே. எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் சாதிக்கு ஒரு தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. இதே கவலை மேனேஜ்மென்ட், என்.ஆர்.ஐ. இடங்களைப் பற்றி டீக்கடையில் எழுவதே இல்லை. அங்கே பல லட்சம் கட்டினால் ரேங்க் எவ்வளவு பின்னால் இருந்தாலும் இடம் உண்டு. 2023இல் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாக இருந்தபோது நீட் தகுதி மதிப்பை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்ய பெர்சன்டைல் ஆக்கினார்கள். அப்போது தகுதி பற்றிய கூச்சல் அவ்வளவாகக் கேட்கவில்லை.

“அமெரிக்காவுலயே ஒழிச்சிட்டாங்களே?”

அங்கே நம்மைப்போல் இத்தனை இடம் என்ற ஒதுக்கீடு 1978 பாக்கி தீர்ப்பிலிருந்தே செல்லாது. இனத்தை ஒரு காரணியாகக் கணக்கில் எடுப்பது மட்டும் இருந்தது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு வழக்கில் அதையும் ரத்து செய்தார்கள். முன்னாள் மாணவரின் பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. ஹார்வர்டில் அத்தகைய பிள்ளைகள் மூவரில் ஒருவருக்கு இடம் கிடைத்ததும், மொத்த விண்ணப்பதாரர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மட்டும் கிடைத்ததும் அதே வழக்கின் சாட்சியத்தில் வெளிவந்தவைதான்.

“சிப்காட் கம்பெனியிலயும் கான்ட்ராக்ட் வேலையிலயும் ஒதுக்கீடு உண்டா?”

தனியார் தொழிற்சாலையில் சட்டப்படி இல்லை. பொதுத்துறையின் நிரந்தர வேலைக்கு உண்டு. அதே வாசலுக்குள் ஒப்பந்ததாரர் வழியாக வரும் தொழிலாளிக்கு நடைமுறையில் இல்லை. மத்திய அரசு தானே நேரடியாக எடுக்கும் தற்காலிகப் பணி 45 நாளோ அதற்கு மேலோ என்றால் ஒதுக்கீடு வேண்டும் என்று ஆணை இருக்கிறது, ஆனால் வேலை ஏஜென்சிக்குப் போய்விட்டால் அது எட்டாது. நிரந்தர இடங்கள் சுருங்கச் சுருங்க 69ஆ, 50ஆ என்ற சண்டைக்கான மைதானமும் சுருங்குகிறது.

உங்கள் பகுதி அலுவலகத்தில் சுழற்சி சரியாகப் போகிறதா என்று சந்தேகம் வந்தால், அந்தப் பதவியின் ரோஸ்டர் (சுழற்சி) பதிவேட்டு நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறதா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். எந்தப் பதவி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, ஒவ்வொரு சுழற்சி எண்ணுக்கும் எந்தப் பிரிவு, நிரப்பப்பட்டதா, பின்னடைவுப் பணியிடம் (முன்பு நிரப்பாமல் விட்ட ஒதுக்கீட்டு இடம்) எத்தனை என்று தனித்தனி வரியாகக் கேளுங்கள்.